தெளிநீரில் மூன்றாவது மேடு

மார்ச் 4

அண்ணிக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், "சீஸ் பட்டறைல பால் எடுக்கறது எல்லாம் உன் அண்ணி பொறுப்பு, அவகிட்டயே கேளு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். நீங்களும் நானும் எட்டு மாதமாகப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது போல ஒரு குரல். சரி, உங்களிடமே கேட்கிறேன்.

என் ஆய்வுக்கு வாரம் ஒருமுறை பால் வேண்டும். கடைப்பால் உதவாது, எல்லாம் சூடேற்றியது. கறந்த பின் சூடே காணாத பாலில் ஆடையை நீக்கி ஒரு போத்தல். அதே பாலைத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் சீஸுக்கு உறைய வைத்து, கட்டியை வெட்டியதும் ஒதுங்குமே மஞ்சளும் பச்சையுமாகத் தெளிநீர், அது ஒரு போத்தல். பட்டறையில் வழக்கமாக வருகிற தெளிநீர் வேண்டாம், அது சூடு பார்த்த பாலில் வந்தது. இரண்டு போத்தலையும் ஐஸ் பெட்டியில் வைத்துத் திங்கள் காலைப் பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்தால் மதியம் இங்கே இறக்கிக்கொள்வேன். உங்களுக்கு இது கூடுதல் வேலை என்று தெரியும்.

எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் மேசையில் ஒரு கை நீளக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஜெல், அதாவது தண்ணீரில் ஊறிய நுண்ணிய மணிகள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மேலே தெளிநீரை விட்டால் அதிலுள்ள புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து கீழே சொட்டும். பெரியவை துளைக்குள் நுழைய முடியாமல் சீக்கிரம் வந்துவிடும், சிறியவை துளைகளில் புகுந்து புறப்பட்டுக் கடைசியில் வரும். சொட்டுகளைச் சின்னக் குழல்களில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் என்று அளந்து வரைந்தால் தாளில் நான்கு மேடுகள் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்க வேண்டும்.

ஏப்ரல் 11 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் தெளிநீரிலும் ஆடை நீக்கிய பாலிலும் புரதங்களைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டாவிட்டால் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கிவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் மறுபடி ஒரு இடம் எனக்கு எவரும் தரமாட்டார்கள்.

முடியாது என்றால் அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 7

என் அருமை நாத்தனாருக்கு,

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம். அதில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நலம்தான். உன் அண்ணனும் நலம், வயிறு மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது.

பால் அனுப்புகிறேன். பெட்டியில் இந்தக் கடிதமும் இருக்கும், ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருக்கிறேன். காலிப் போத்தல்களைத் திருப்பி அனுப்பும்போது பதிலையும் இப்படியே வைத்து அனுப்பு. ஃபோன் வேண்டாம். ஃபோனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடத்தில் முட்டிக்கொள்வோம். எழுதும்போது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் நிதானம் இருக்கிறது.

உன் குழாய் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. உன் அண்ணனுக்குத்தான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நீங்களும் நானும் கடைத்தெருவுல நடந்தா எப்படி? நீங்க எந்தக் கடைக்குள்ளயும் நுழையாம விறுவிறுன்னு போய் அந்தக் கோடில நின்னு வாட்ச்சைப் பாப்பீங்க. நான் வளையல் கடை, பாத்திரக் கடை, துணிக் கடைன்னு ஒண்ணு விடாம ஏறி இறங்கி வருவேன். அவ்வளவுதான் ஜெல்" என்றேன். "அப்போ நான் பெரிய புரதம்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

இன்னொன்று. நீ கிளம்பியதை எனக்குச் சொல்லாமல் உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் நான் உனக்கும் சேர்த்து டம்ளரை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், சண்டைக்கு இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

இரண்டு வாரமும் பெட்டி சரியாக வந்தது. ஐஸ் உருகவில்லை. நன்றி.

டம்ளர் விஷயத்தைப் படித்தேன். நான் சொல்லாமல் போனது தப்புதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னால், "பதினோரு வருஷம் அண்டா முன்னாடி நின்னும் இவளுக்குப் பாலைப் பத்தி ஒண்ணும் தெரியல, இப்ப பாலைப் படிக்கப் போறாளாம்" என்று நீங்கள் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் நான்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதையும் சண்டைக்கு எழுதவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். இதுவரை ஆறு முறை குழாயை ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு ஓட்டமும் ஆறு மணி நேரம். எழுந்து போனால் குழாய் வறண்டு ஜெல்லில் விரிசல் விழும், அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆறு ஓட்டத்திலும் ஒரே கதை. முதல் மேடு யானை மாதிரி வீங்கியிருக்கிறது. மூன்றாவது மேடு, உயரமாக நிற்க வேண்டியது, தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆடை நீக்கிய பாலிலும் அதே.

இதற்கு ஒரு காரணம்தான் உண்டு. அந்த மூன்றாவது புரதத்துக்குச் சூடு ஆகாது. சூடு பட்டால் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு பெரிதாகிவிடும். பெரிதானால் துளைக்குள் போகாது, முதல் மேட்டோடு சேர்ந்து வந்துவிடும். பேராசிரியர் தாளை ஒரு பார்வை பார்த்தார், "பாலைக் காய்ச்சியிருக்காங்கம்மா" என்றார்.

அண்ணி, காய்ச்சாத பாலை வாசல் தாண்ட விடக்கூடாது என்பது உங்கள் பட்டறைச் சட்டம். எனக்குத் தெரியும். வழியில் கெட்டுவிடுமோ என்று பயந்து லேசாகச் சூடு காட்டியிருப்பீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இதில் என் பிழைப்பு இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். இன்னும் மூன்று வாரம்தான் மீதி.

நாத்தனார்


மார்ச் 23

நாத்தனாருக்கு,

கோபப்பட மாட்டாளாம். எவ்வளவு பெரிய மனசு.

நான் சூடு காட்டவில்லை. கறந்த பால் பட்டறைக்கு வந்ததும் உனக்கு வேண்டியதை முதலில் நான்தான் மொண்டு வைக்கிறேன். உன் பாத்திரம் தனி, கரண்டி தனி. அடுப்பிருக்கும் பக்கமே அது போவதில்லை. உன் அண்ணன் ஒருநாள் அதைக் கொஞ்சம் நகர்த்தி அடுப்போரம் வைத்தார். அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்குத்தான் தெரியும். நீ பதினோரு வருடம் என்னோடு ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்த்தவள். என் நாக்கு நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை அழுகை வந்தது. மூன்றாவது தடவை படித்தபோது ஒன்று தோன்றியது. புதிதாக ஒருவன் பட்டறைக்குப் பால் கொண்டுவந்தால் நாம் என்ன செய்வோம்? பாலைத்தான் சந்தேகப்படுவோம். ஆனால் எல்லார் பாலிலும் ஒரே கோளாறு வந்தால் நம் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்போம், இல்லையா?

அதனால் இந்தத் தடவை பெட்டியில் மூன்று போத்தல் தெளிநீர் வைத்திருக்கிறேன். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை. மூன்றும் ஒரே நாள் பால். ஒன்று சூடே பார்க்காதது. ஒன்று கை பொறுக்காத சூடு வரை போனது. ஒன்று நன்றாகக் கொதித்தது. மூன்றையும் துணியில் வடிகட்டியிருக்கிறேன், கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எது எது என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, பெட்டி மூடியின் உள்பக்கம் சொருகியிருக்கிறேன். மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும். முன்னாலேயே பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே.

உன் குழாய்க்கு நிஜமாகவே கண் இருந்தால் மூன்றும் மூன்று விதமாக வர வேண்டும். வரட்டும், பார்க்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மூன்று போத்தலையும் ஓட்டினேன். மூன்றும் ஒரே மாதிரி வந்தன. சிவப்பு, நீலம், வெள்ளை, மூன்றிலும் முதல் மேடு வீங்கி, மூன்றாவது படுத்துக் கிடந்தது. ஒரு தாளை இன்னொன்றின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. அதன் பிறகுதான் உறையைப் பிரித்தேன். சிவப்பு, சூடே பார்க்காதது என்று எழுதியிருந்தீர்கள்.

அப்போது ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். அண்ணி மூன்றையுமே காய்ச்சிவிட்டு விளையாடுகிறார்களோ என்று நினைத்தேன். உங்கள் சொல்லை நம்புவதா, என் குழாயை நம்புவதா என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அடுப்போரம் வைத்ததற்காக அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவ்வளவு காவல் காத்தவர் பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் மூன்று போத்தலும் பேருந்திலிருந்து இறங்கும்போது மூன்று விதமாகத்தான் இருந்தன. இங்கே, என் கையில்தான் மூன்றும் ஒன்றாகியிருக்கின்றன. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னீர்களே, பார்த்தேன்.

குழாயில் விடுவதற்கு முன் தெளிநீரில் மிச்சமிருக்கும் கொழுப்பை எடுக்க வேண்டும். அதற்காக வெந்நீர்த் தொட்டியில் போத்தலை லேசாக வெதுவெதுப்பாக்கிச் சுழலும் இயந்திரத்தில் போடுவேன். நாற்பது டிகிரி போதும். நோட்டிலும் ஒவ்வொரு தடவையும் நாற்பது என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தொட்டி பழசு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் எண்கள் தேய்ந்துபோயிருக்கின்றன. நேற்று முதல் தடவையாகத் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். எண்பத்து மூன்று காட்டியது.

எண்பத்து மூன்று எந்த வேலைக்கான சூடு என்று உங்களுக்கே தெரியும். சீஸ் எடுத்த பிறகு மிச்சத் தெளிநீரைத் திரும்பக் காய்ச்சி, மேலே மிதந்து வரும் பூவை அள்ளி இரண்டாவது சீஸ் செய்வோமே, அந்தச் சூடு. பதினோரு வருடம் அந்த அண்டாவின் திருகியைத் திருகிய கை இது. தெளிநீரைக் கண்டால் அந்தக் கை தானாகப் போய் அதே இடத்தில் நிற்கிறது. ஆவி வந்ததையும் பார்த்தேன். தெளிநீர் என்றால் ஆவி வரத்தானே வரும் என்று இடுக்கியால் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இங்கே கூட இருக்கிற வேறு யாருக்குமே இந்தத் தப்பு நடந்திருக்காது.

அண்ணி, என்னை மன்னியுங்கள். உங்களைப் பேராசிரியர் முன்னாலும் குறை சொல்லிவிட்டேன். இன்று காலை அவரிடம் போய், தப்பு என்னுடையது, பாலில் இல்லை என்று சொன்னேன். "யாரு அந்த மூணு போத்தல் யோசனை சொன்னது?" என்று கேட்டார். அண்ணி என்றேன். "எங்க படிச்சாங்க?" என்றார். பட்டறையில் என்றேன்.

குழு கூட ஒன்பது நாள்தான் இருக்கிறது. எனக்குக் குறைந்தது நான்கு ஓட்டம் வேண்டும், அடுத்த திங்கள் வரை காத்திருந்தால் ஓட்டி, அளந்து, தாள்களைத் தயார் செய்ய நேரம் போதாது. இந்தக் கடிதம் காலிப் பெட்டியோடு நாளை உங்கள் கைக்கு வரும். கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 4

என் கண்ணே,

முதலில் வேலை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் உன் அண்ணன். கண்டக்டரை நம்ப மாட்டாராம், பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறேன் என்று கிளம்பிவிட்டார். நாலு போத்தல், இரண்டு பால், இரண்டு தெளிநீர். காலையில் கறந்த பால்தான், நேராகப் பண்ணைக்கே போய் நின்று வாங்கினேன். அவருக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பு. உன் குழாயை மட்டும் தொட விடாதே.

இப்போது சிரிக்கிறேன். உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இயந்திரத்தில் சுழற்றிய பிறகு போத்தல் அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்குமே, அதை என்ன செய்தாய்? கொட்டினாயா? அடி பாவி, அதுதானே இரண்டாவது சீஸ். நாலு வாரமாக அங்கே உட்கார்ந்து நீ சீஸ் செய்து செய்து கழுவும் தொட்டியில் கொட்டியிருக்கிறாய். நல்ல பதமாகவே வந்திருக்கும், உன் கை எனக்குத் தெரியாதா?

மன்னிப்பெல்லாம் வேண்டாம். என்னை நம்புவதா குழாயை நம்புவதா என்று உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாயே, அந்த வரியிலேயே எனக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்கு எதிராக நின்றது உன் இத்தனை மாத உழைப்பு. அதை ஒதுக்கிவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டாய். இவ்வளவு பெரிய மரியாதையை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

தெர்மாமீட்டரைப் போடு. இரண்டு தடவை போடு. உன் கையை நம்பாதே.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணி,

நேற்று குழு கூடியது. என் இடம் எனக்கே.

அண்ணன் கொண்டுவந்த நான்கு போத்தலையும் ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் நாற்பத்தைந்தாவது குழலிலிருந்து எண்கள் ஏறத் தொடங்கின. ஏறின, ஏறின, நிற்கவே இல்லை. அண்ணன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மேடு எழுந்து நின்றபோது நான் அழுதுவிட்டேன், அவர் பயந்துபோய், "ஏதாவது உடைஞ்சுபோச்சா?" என்றார். அடுத்த நாளும் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றது. பாலை ஓட்டியபோதும் பெரிய புரதங்களின் வெள்ளைப் பட்டை முதலில் வழிந்து போனது, பின்னால் சின்னப் புரதங்கள் தங்கள் தங்கள் இடத்தில் சுத்தமாக வந்தன.

குழுவில் நல்ல தாள்களை மட்டும் காட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் கெட்ட தாள்களையும் காட்டினேன். மூன்று நூல் போத்தல்களின் கதையையும், என் கை திருகிய திருகியையும் ஒன்று விடாமல் சொன்னேன். குழுவில் ஒருவர் வந்ததிலிருந்தே உம்மென்று இருந்தார். அவர் நல்ல தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு அந்த மூன்று தாள்களைத்தான் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இதைத் தனிக் கட்டுரையா எழுதுங்க. சூடு எப்படித் தெரியாமலே உள்ள நுழையுதுன்னு நிறைய பேருக்கு உபயோகப்படும்" என்றார்.

இரவோடு இரவாக எழுதிவிட்டேன். சின்னக் கட்டுரைதான், நான்கு பக்கம். அதில் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. ஒன்று என்னுடையது, மற்றது உங்களுடையது. நன்றி என்று கடைசியில் ஒரு வரி போட்டால் போதுமே என்று பேராசிரியர் கேட்டார். பால் கொடுத்ததற்கு நன்றி போடலாம், சோதனையை யோசித்தவருக்குப் பெயர்தான் போட வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். அனுப்புவதற்கு முன் உங்கள் கையெழுத்து வேண்டும். காகிதம் இதோடு இருக்கிறது, பென்சிலால் குறியிட்ட இடத்தில் போடுங்கள்.

அண்ணி, நீங்கள் எனக்குச் செய்ததற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அடுப்பிலிருந்து தள்ளி, தனிப் பாத்திரத்தில், உங்களோடு பேசாமல் போன ஒருத்திக்காகப் பால் எடுத்து வைத்தீர்கள். நான் குற்றம் சொன்ன வாரமும் எடுத்து வைத்தீர்கள். இதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள்
நாத்தனார்


ஏப்ரல் 16

என் கண்ணே,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் வேறு தாளில் ஒன்பது தடவை போட்டுப் பழகினேன். பட்டறையில் சரக்குச் சீட்டில் கிறுக்குகிற கையெழுத்து இதற்கு லாயக்கில்லை என்று தோன்றியது. உன் அண்ணன் கட்டுரையை எடுத்து ஒரு பக்கம் படித்தார், ஒரு சொல் புரியவில்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே என் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டியாகிவிட்டது. நான் கண்டும் காணாத மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கைம்மாறு என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சு வேண்டாம். ஆனால் நான் உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். இத்தனை கடிதத்தில் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் உன்னைப் பற்றிச் சொன்னது, உனக்குப் பால் தெரியாது என்று நினைத்துச் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பட்டறையில் யாருக்கும் தெரியாது. நீ போய்விட்டால் நாள் முழுக்க யாரோடு பேசிக்கொண்டு வேலை பார்ப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. போகாதே என்று கேட்க வாய் வரவில்லை. நாலு பேர் சிரித்தால் உனக்கு வெட்கம் வந்து இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான யோசனை. இத்தனை மாதமாக உன் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நீ என் பேச்சைக் கேட்டு இருந்துவிட்டிருந்தால் நாம் இரண்டு பேரும் இன்றும் ஒரு அண்டாவைக் கிளறிக்கொண்டு, நான் உன்னைக் கிண்டல் செய்துகொண்டு, அதிலேயே கிழவிகளாகியிருப்போம். நான் கேட்ட கேள்வி ஒரு கட்டுரையாகும் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? எனக்கு மூளை இருக்கிறது என்று முதன்முதலில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவள் நீ.

என் பேச்சைக் கேட்காமல் போனாயே, அதற்கு நன்றி.

அண்ணி